ஓரகத்தி வீட்டுப் பதினோரு கட்டைகள்

ஒலேகாரியா கவீச்சுக்குப் பொறாமை வந்தால் சிரிப்பாள். அவளுக்கு வேறு வழியில்லை. எங்கள் ஷ்தோபில் ஊரில் தேனீ வைத்திருக்கிற வீட்டுக்காரி குரலை உயர்த்தக் கூடாது, முகத்தைச் சுளிக்கக் கூடாது, ஆத்திரத்தில் ஒரு சட்டியைக்கூடப் போட்டு உடைக்கக் கூடாது. குடைந்த மரக்கட்டைக்குள் குடியிருக்கும் எங்கள் ஈக்குக் கொடுக்கு கிடையாது. மனம் நொந்தால் அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைக் காலி செய்துவிடும். அதனால்தான் அதற்குச் சீமாட்டி என்று பெயர். சண்டை வீட்டில் சீமாட்டி தங்க மாட்டாள். கட்டை காலியானால் ஊர் வந்து காரணம் கேட்டுக்கொண்டிருக்காது. "அந்த வீட்ல ஏதோ புகையுது" என்று சொல்லிவிட்டுச் சோளமாவு அரைக்கப் போய்விடும்.

ஆகவே ஒலேகாரியாவும் அவள் புருஷன் எமெதேரியோவும் சண்டை போடுவதே ஒரு தனிக் கலை. அவள் அவரைக்காயில் ஹபனேரோ மிளகாயை இரண்டு பங்காக அரைத்துப் போடுவாள். அவன் கண்ணில் நீர் வடிய வடிய, "அருமை, அருமை" என்று தின்றுவிட்டு, வலைத்தூளியில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்வான். அடுத்த வீட்டுக்காரர்கள் பார்த்தால் இப்படி ஒரு தம்பதி உண்டா என்பார்கள்.

ஆனால் எமெதேரியோ மீது அவளுக்கு இருந்தது கோபம் மட்டும்தான். கோபம் சோற்றோடு போய்விடும். பொறாமையெல்லாம் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. கொழுந்தனின் மனைவி டெல்ஃபினா.

டெல்ஃபினா அந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷம் பிந்தி வந்தவள். வரும்போதே அவளுடைய வலைத்தூளியில் ஒலேகாரியாவுடையதைவிட நூல் அதிகம். வெள்ளைச் சட்டையின் கழுத்தில் அவள் தைக்கிற பூவில் வண்டு உட்காரும் என்று ஊர் சொல்லிற்று. ஒலேகாரியா ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று பெற்றாள். டெல்ஃபினா முதல் தடவையே இரட்டை. இதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது, அவள் ஒவ்வொரு பேச்சுக்கும் தேன் ஒழுக 'அக்கா' என்று கூப்பிடுவது. அந்த 'அக்கா'வில் ஒரு குற்றம் கண்டுபிடிக்க ஒலேகாரியா பத்தொன்பது வருஷமாக முயன்றுகொண்டிருந்தாள்.

மாமனார் இறந்தபோது எட்டுக் கட்டைகள் இருந்தன. இரண்டு மகன்களுக்கும் நான்கு நான்கு என்று பிரித்தார்கள். எட்டும் ஒரே கைவேலை: இரண்டு முனையிலும் வட்டப் பலகை வைத்து மண் பூசி அடைத்தது, நடுவில் ஈ போய்வர ஒரு சின்னத் துளை, துளைக்கு மேல் கத்தியால் கீறிய சிலுவை. அண்ணன் தம்பி இருவரும் காட்டு வேலைக்குப் போகிறவர்கள். கட்டைகள் மருமகள்களின் பொறுப்பாயின. வீட்டுக்கு ஒன்றாகக் கூரை வேய்ந்த சிறு கொட்டகையில் ஆளுக்கு நான்கை அடுக்கினார்கள்.

இன்றைக்கு டெல்ஃபினாவிடம் பதினொன்று. ஒலேகாரியாவிடம் இரண்டு.

நான்கு மூன்றானபோது எறும்பு என்றாள். மூன்று இரண்டானபோது பஞ்சம் என்றாள். மதிலுக்கு அந்தப் பக்கம் எறும்பும் பஞ்சமும் ஏன் போகவில்லை என்று யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்காமல் அவளைப் பார்த்தார்கள். போதாததற்கு மருத்துவச்சி ஹெசூசா. பிள்ளை பெறுகிறவளுக்கு வலி எடுத்ததும் ஒரு வாய் சீமாட்டித் தேன் கொடுக்க வேண்டும். அந்தத் தேனை எந்த வீட்டில் வாங்குகிறாள் என்பதை வைத்துத்தான் ஊரில் ஒரு பெண்ணின் உயரம். முன்பெல்லாம் ஹெசூசா ஒலேகாரியா வீட்டு வாசலில்தான் முதலில் நிற்பாள். இப்போது அந்தச் சந்தில் நுழையும்போதே கிழவியின் கால் எந்தப் பக்கம் திரும்பும் என்று ஒலேகாரியா கதவிடுக்கில் நின்று பார்க்க வேண்டியிருந்தது.

செப்டம்பர் வந்தது. மழையும் ஈரமும், காட்டில் பூ அருகிப்போன மாதம். இருந்த இரண்டு கட்டையில் ஒன்று சுமார். மற்றது சீக்கு. துளையில் காவல் நிற்கிற ஈ பாதி நேரம் இல்லை. காவல் தளர்ந்தால் மோப்பம் பிடித்து வருகிற பொடி ஈ ஒன்று உண்டு. அது உள்ளே நுழைந்து முட்டை இட்டால் ஒரே வாரத்தில் கட்டை முழுக்கப் புழு. ஒலேகாரியா கட்டையில் காதை வைத்தாள். உள்ளே சத்தம் தூரத்து வானொலி மாதிரி வந்து வந்து போனது. இது போனால் மிஞ்சுவது ஒன்று. ஒன்று வைத்திருப்பவளை ஊர் 'தேன் வீட்டுக்காரி' என்று சொல்லாது. 'முன்பு வைத்திருந்தவள்' என்று சொல்லும்.

இதற்கு மருந்து அவளுக்குத் தெரியாமல் இல்லை. கொழுத்த கட்டையிலிருந்து குஞ்சு அடை ஒரு கையளவு எடுத்து இதில் வைத்தால் பிழைத்துக்கொள்ளும். கொழுத்த கட்டை யாரிடம் இருக்கிறது? மதிலுக்கு அந்தப் பக்கம். கேட்டால் கொடுப்பாளா? கொடுப்பாள். அதுதான் கஷ்டம்.

ஒரு சனிக்கிழமை டெல்ஃபினா குடும்பமே பக்கத்து ஊருக்கு ஞானஸ்நான விருந்துக்குப் போனது. மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. மழை பெய்தால் எல்லா ஈயும் கட்டைக்குள். ஒலேகாரியா வாசலில் நின்று மழையைப் பார்த்தாள், மதிலைப் பார்த்தாள், மதிலில் கல் சரிந்த இடத்தைப் பார்த்தாள். எட்டும் ஒரே கைவேலை என்று அப்போது ஞாபகம் வந்தது அவளுடைய நல்லதற்கா கெட்டதற்கா தெரியவில்லை.

சீக்குக் கட்டையின் துளையில் இலையைத் திணித்து, மார்போடு அணைத்துத் தூக்கினாள். கட்டையைப் புரட்டக் கூடாது. புரட்டினால் முட்டைகள் அடியிலிருக்கிற தீனிக் கூழிலேயே முழுகிச் செத்துப்போகும். தூங்குகிற பிள்ளையைப் பக்கம் மாற்றாமல் தூக்குகிற மாதிரி, கூரை ஓலை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, சரிந்த கல் மேல் கால் வைத்துப் போனாள். டெல்ஃபினாவின் கொட்டகையில் கீழ் வரிசையில் மூன்றாவது, மாமனார் காலத்துக் கட்டை. தூக்கும்போதே இடுப்பு சொல்லிற்று, அது என்ன கனம் என்று. அந்த இடத்தில் தன்னுடையதை வைத்து, துளையில் திணித்த இலையை உருவினாள். வைக்கும்போது, எப்படியோ வெளியில் வந்துவிட்ட ஒரே ஒரு ஈ அடியில் மாட்டி நசுங்கிவிட்டது.

திருடுகிறவள் திருடிக்கொண்டு போக வேண்டியதுதானே. ஒலேகாரியாவால் முடியவில்லை. நம் கையால் ஒரு சீமாட்டி செத்தால் அப்படியே விட்டுவிட்டுப் போவது எங்களில் வழக்கமில்லை. எலுமிச்சை இலை ஒன்றைக் கிள்ளி, ஈயை அதில் சுருட்டி, கொட்டகை ஓரத்தில் விரலால் குழி தோண்டிப் புதைத்து, மேலே ஒரு கூழாங்கல்லும் வைத்தாள். "மன்னிச்சுக்கோ தாயே" என்றாள். திருட வந்த இடத்தில் இழவுக் காரியமும் முடித்துவிட்டு, கனத்த கட்டையோடு வீடு வந்து சேர்ந்தாள்.

மறுநாள் வெயில். ஒலேகாரியா முக்காலியைப் போட்டுக் கொட்டகை முன் உட்கார்ந்தாள். திருடிய கட்டையின் துளையில் ஈக்கள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்துப் புறப்பட்டன. பத்து, முப்பது, நூறு. என்ன மினுமினுப்பு! இத்தனை வருஷம் இவளுக்கு மட்டும் இதெல்லாம் என்று நினைத்து வயிறு எரிந்தாள்; இப்போது எனக்கு என்று நினைத்து வயிறு குளிர்ந்தாள். எமெதேரியோ காப்பிக் குவளையோடு வந்து நின்றான்.

"என்ன, இன்னிக்கு நம்ம கட்டை இவ்ளோ சுறுசுறுப்பா இருக்கு?"

"நல்லபடியா கவனிச்சா இருக்காதா?"

"நேத்து வரைக்கும் யாரு கவனிச்சா?"

அவள் சிரித்தாள். அன்றைய அவரைக்காயில் மிளகாய் மூன்று பங்கு.

போன ஈ திரும்பவில்லை. ஒன்பது மணி ஆயிற்று, பத்து ஆயிற்று. துளையில் வெளியே போகிற கூட்டம் மட்டும்தான். உள்ளே வருகிறவர் யாருமில்லை. மத்தியானத்துக்குள் கட்டை அமைதியாகிவிட்டது. ஒலேகாரியா எழுந்துபோய் மதிலின் மேல் முகத்தை வைத்து அந்தப் பக்கம் பார்த்தாள். டெல்ஃபினாவின் கொட்டகையில், கீழ் வரிசை மூன்றாவது இடத்தில், தன்னுடைய சீக்குக் கட்டையின் துளையில் திருவிழாக் கூட்டம். கால் நிறையப் பூத்தூளோடு ஈக்கள் முட்டி மோதி உள்ளே போய்க்கொண்டிருந்தன.

காட்டுக்குப் போகிற ஈ வீட்டை மரத்தை வைத்து அறிவதில்லை, இடத்தை வைத்து அறிகிறது. காலையில் இவள் வீட்டிலிருந்து கிளம்பியவை அத்தனையும் வழக்கமான பாதையில் பழைய இடத்துக்கே போய்விட்டன. அங்கே கட்டை இருந்தது, சிலுவை இருந்தது, காவலுக்கு ஆள் இல்லை. நுழைந்துவிட்டன. பிழைக்காது என்று இருந்த கட்டைக்கு ஒரே காலையில் நூற்றுக்கணக்கில் வேலையாட்கள். அதுவும் டெல்ஃபினா வீட்டில். அதுவும் ஒலேகாரியா தன் இடுப்பு ஒடியத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தது.

"நான் தொட்டா சாகுது, அவ இடத்துல வச்சா பொழைக்குது" என்று மதிலிடம் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

இந்தப் பக்கம் கதை வேறு. கனத்த கட்டையில் இப்போது இருந்தவை இன்னும் வெளியே பறக்கப் பழகாத இளசுகளும் குஞ்சு அடையும்தான். இரண்டு வாரம் தாக்குப்பிடித்தால் இளசுகள் பழகிவிடும். அதற்குள் பொடி ஈ நுழைந்தால் டெல்ஃபினாவின் கட்டையையும் கொன்ற பெயர் சேரும். ஒலேகாரியா சின்னக் கிண்ணங்களில் வினிகர் ஊற்றிச் சுற்றி வைத்தாள். பொடி ஈ அந்த வாசனைக்குப் போய் விழுந்து சாகும். துளையை மெழுகால் பாதி அடைத்தாள். முக்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சோள ரொட்டியைக்கூட அங்கேயே வைத்துத் தின்றாள். சாயந்தரம் துளையருகே குனிந்து, "பயப்படாதீங்கடி, பொம்பள இருக்கேன்" என்றாள். பிறகு, பேசுவது யாருடைய ஈக்களிடம் என்று ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் டெல்ஃபினா வந்தாள். கையில் ஒரு எலுமிச்சை இலைச் சுருள். முகத்தில் சிரிப்பு, அது பல்லோடு நின்றுவிட்டிருந்தது.

"அக்கா, வெயில் நல்லாருக்கு. காலாற ஒரு நடை போயிட்டு வரலாமா?"

ஒலேகாரியா இலையைப் பார்த்தாள். "வேலை கிடக்கு டெல்ஃபி."

"கிடக்கட்டும் அக்கா. ரொம்ப தூரம் போய்ட்டு வரலாம்."

இரண்டு பேரும் கைகோர்க்காத குறையாகச் சிரித்துக்கொண்டே ஊரைத் தாண்டினார்கள். பந்தடிக்கிற திடல் தாண்டியதும் ஒலேகாரியா நின்றாள்.

"இங்க போதுமா?"

"என் ஈ இங்க வரைக்கும் வரும் அக்கா. உன்னோடதுக்குத்தான் அவ்வளவு தெம்பு கிடையாது."

ஒலேகாரியா சிரிப்பைக் கடித்துப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு மைல் நடந்தாள். பழைய சுண்ணாம்புச் சூளைப் பள்ளம் வந்தது. டெல்ஃபினா முக்காட்டை எடுத்து முள்ளுச்செடியில் போட்டாள்.

"இங்க வராது. ஆரம்பி."

"நான் எதுக்கு ஆரம்பிக்கணும்?"

"நீதானே மூத்தவ! திருடினதும் நீ!"

"யாருடி திருடி? அது என் மாமனார் கட்டை!"

"உன் மாமனார் கட்டை நாலைத்தான் நீ தின்னு தீர்த்துட்டியே!"

"வந்த அன்னிக்கே நீ என் கண்ணை உறுத்தினவ! உன் தூளி, உன் பூத்தையல், உன் ரெட்டைப் புள்ள! எவடி கேட்டா ரெட்டைப் புள்ள!"

"வலிச்சது எனக்கு! உனக்கு என்னடி வலிக்குது!"

"அக்கா அக்கான்னு நீ கூப்பிடறப்பல்லாம் வலிச்சுது!"

"அப்படியா? இந்தா கேட்டுக்கோ: ஏ ஒலேகாரியா! ஏ திருட்டு ஒலேகாரியா! மழையில வந்து திருடினவ செத்த ஈக்குக் கல்லறை கட்டிட்டுப் போயிருக்கா! இந்த ஊர்ல வேற எவ செய்வா? எலுமிச்சை இலைகூட என் மரத்துது!"

சூளை வழியாக விறகு மிதிவண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் வந்தார். இருவரையும் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

"தேன் வீட்டுக்காரங்களா?"

"ஆமா."

"நல்லது. நடத்துங்க" என்று சொல்லி, வண்டியைத் திருப்பிச் சுற்றுப்பாதையில் போனார்.

அரைமணி நேரம் கத்தினார்கள். பத்தொன்பது வருஷச் சரக்கு. தொண்டை கட்டியபோது டெல்ஃபினா ஒரு கல்லில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். போன நவம்பர்ல நீ எத்தனை பாட்டில் தேன் எடுத்த?"

"ஆறு."

"நான்?"

ஒலேகாரியா காலடியில் கிடந்த சுண்ணாம்புக் கல்லைக் காலால் தள்ளினாள்.

"நானும் ஆறு. எனக்குப் பதினோரு கட்டை. உனக்கு மூணு. நான் கட்டைக்குள்ள தேன் இருக்கிற மெழுகுப் பானைல மேல் பானைய மட்டும் குத்தி எடுத்துட்டு மிச்சத்தை அதுங்களுக்கு விட்டேன். நீ எனக்குச் சமமா வரணும்னு அடியோட வழிச்ச. பட்டினி போட்ட. உன் வீட்ல சண்டையும் இல்ல, எறும்பும் இல்ல. என் பாட்டில எண்ணினியே, அதுதான் அதுங்களைத் தின்னது."

மூன்று கட்டையின் அடிப்பானையைக் குத்தியபோது கையில் அப்பிய கூழ், காலி அடையில் ஓடித் திரிந்த இளசுகள், எல்லாம் ஒலேகாரியாவுக்கு நன்றாகத் தெரியும். அப்போதே தெரியும். ஐந்தாவது பாட்டில் நிறைந்ததும் நிறுத்தியிருக்கலாம். மதிலுக்கு அந்தப் பக்கத்தில் ஆறாவது பாட்டில் வெயிலில் மின்னியது.

"என்கிட்டக் கேட்டிருந்தா குஞ்சு அடை குடுத்திருப்பேனே" என்றாள் டெல்ஃபினா.

"தெரியும். அதனாலதான் கேக்கல."

டெல்ஃபினா முக்காட்டை முள்ளிலிருந்து எடுத்தாள். "இப்போ மறுபடி மாத்தி வச்சா ரெண்டும் செத்துப்போகும். ஜனவரியில பூ வர்ற வரைக்கும் உன் கட்டை என் இடத்துல இருக்கட்டும். என்னோடது உன்கிட்ட இருக்கட்டும். பொடி ஈ விழுந்துச்சோ, உன்னை இதே சூளையில வச்சு எரிப்பேன்."

வீட்டுக்கு வரும் வழியில் பந்துத்திடல் வந்ததும் இருவரும் பழையபடி சிரித்துக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஒலேகாரியா பட்ட பாடு! தன் கையில் இருப்பது டெல்ஃபினாவின் கட்டை. அது செத்தால் தனக்கு அவமானம். அது கொழுத்தால் டெல்ஃபினாவுக்கு லாபம். எந்தப் பக்கம் திரும்பினாலும் எரிந்தது. ஆனால் தினமும் கிண்ணத்தில் வினிகர் மாற்றினாள். அடையில் புழு ஒன்று தலை காட்டினால் முள்ளால் எடுத்தெறிந்தாள். எமெதேரியோ அடுத்த வருஷச் சோளத்துக்குக் காட்டை வெட்டப் புறப்பட்டபோது, ஈக்குப் பூக்கிற மரங்களில் சிவப்புத் துணி கட்டி, "இதுல கை வச்சா உன் தூளியை அவுத்துக் கோழிக்குப் போட்டுடுவேன்" என்று முத்தம் கொடுக்கிற குரலில் சொன்னாள். அக்டோபரில் இளசுகள் பறந்துபோய்த் திரும்பி வந்தன. அவளுடைய முக்காலிக்கு மேலாக, அவளுடைய வழியில். அன்றைக்கு அவள் யாரிடமும் எதுவும் சொல்லாமல், சோளக் கஞ்சியில் ஒரு குவளையைச் சீமாட்டிக்குப் படையலாகக் கொட்டகை முன் வைத்துவிட்டு உள்ளே போய் மூக்கைச் சிந்தினாள்.

நவம்பர் வந்தது. தேன் எடுக்கிற நேரம். இரண்டு கட்டையையும் தட்டிப் பார்த்தாள். சுமாராக இருந்தது சுமாருக்கு மேலே ஏறியிருந்தது. டெல்ஃபினாவுடையது கும்மென்று இருந்தது. பானைகளில் தேன் இருந்தது. ஆனால் அது ஈக்கள் ஜனவரி வரை உண்ண இருக்கிற தேன். பலகையைத் திறக்கவில்லை.

அந்த வாரமே மருத்துவச்சி ஹெசூசா சந்தில் நுழைந்தாள். ஒலேகாரியா கதவிடுக்கில் நின்றாள். கிழவியின் கால் ஒரு கணம் தடுமாறி, எத்தனையோ நாளுக்குப் பிறகு, இந்தப் பக்கம் திரும்பியது.

"ஒலேகாரியா, உன் கட்டை ரெண்டும் நல்லா இருக்குன்னு சொன்னாங்க. தச்சன் பொண்டாட்டிக்கு வலி எடுத்திருச்சு. அரைப் பாட்டில் போதும். உன் தேனையே குடுக்கலாம்னு வந்தேன்."

'உன் தேனையே.' இந்தச் சொல்லுக்காகத்தான் அவள் ஆறாவது பாட்டிலை நிரப்பியது. கத்தியை எடுத்துப் பலகையின் மண்ணை நெம்பினால் போதும். அரைப் பாட்டில் எடுத்தால் உடனே செத்துவிடாது. ஜனவரிக்கு முன் ஒரு பத்து நாள் குளிர் நீண்டால்தான் செத்துப்போகும்.

ஒலேகாரியா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"இந்த வருஷம் நான் எடுக்கல பாட்டி. அந்தப் பக்கம் போங்க." தொண்டையைக் கனைத்துக்கொண்டாள். "டெல்ஃபினா வீட்ல... நல்ல தேனா இருக்கும்."

அந்தக் கடைசி மூன்று சொல்லைச் சொன்ன நாக்கை இரண்டு நாள் அவள் மன்னிக்கவில்லை. கிழவி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தபடி திரும்பி வந்து, சந்து முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்: "சொன்ன மாதிரியே இருக்கு! என்ன நிறம், என்ன நிறம்!"

ஒலேகாரியா மதிலருகே போனாள். அந்தப் பக்கம் டெல்ஃபினா கீழ் வரிசை மூன்றாவது கட்டையில் காதை வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன அக்கா, எட்டிப் பாக்கற?"

"என் கட்டை எப்படி இருக்குன்னு பாத்தேன்."

"எடை கூடியிருக்கு."

"என்கிட்ட இருக்கிறது அதவிடக் கூடியிருக்கு."

"அது என்னோடதுதானே அக்கா" என்றாள் டெல்ஃபினா.

வினிகர்க் கிண்ணங்களில் ஒன்று வற்றியிருந்தது. ஒலேகாரியா அதை நிரப்பப் போனாள்.